லினக்ஸ் மடிக்கணினியில் ஒலி எங்கே நிற்கிறது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ போதிய புதிய ப்ராசசரோ இல்லாத, ஆனால் மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி அதன்பின் பலருக்கும் வந்தது. திருப்பூரின் பனியன் கம்பெனி அலுவலகங்களிலும் ஈரோட்டு ஜவுளி மண்டிகளிலும் கோவை, பெருந்துறைப் பகுதிக் கல்லூரி விடுதிகளிலும் இருக்கும் இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்கள், அதாவது லினக்ஸின் வெவ்வேறு தொகுப்பு வடிவங்கள், எளிதில் கிடைக்கும் மாற்று வழி. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்ததால், இப்பகுதி இளைஞர்களுக்கு லினக்ஸ் முற்றிலும் புதியதும் அன்று.

இப்படி மாறுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குக் கிடைக்கும் அறிவுரைகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவர் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி நிரலை நீக்கச் சொல்வார். இன்னொருவர் அதையே நிறுவச் சொல்வார். மூன்றாமவர் இயங்குதளத்தையே மறுபடி நிறுவச் சொல்வார். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் செய்யப்படும் எந்த மாற்றமும் பழுதை மறைக்குமே ஒழியத் தீர்க்காது. பல நேரங்களில் இரண்டாவது பழுதையும் சேர்த்துவிடும். ஆகவே இக்கட்டுரை ஒலி கடந்துவரும் பாதையை முதலில் விளக்கி, அது எங்கே நிற்கிறது என்று கண்டறியும் முறையைப் பிறகு சொல்கிறது.

## ஒலி கடந்துவரும் பாதை

பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், விவசாயி தன் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. எந்த மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார். மடிக்கணினியின் ஒலிக்கும் இப்படிப்பட்ட மதகுகள் உண்டு.

1. வன்பொருள். கோடெக் எனப்படும் சில்லு எண்களாக இருக்கும் ஒலியை மின்னலையாகவும், மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாகவும் மாற்றுகிறது. அதன்பின் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஹெட்போன் துளை ஆகியவை வருகின்றன. ரியல்டெக், கோனெக்சன்ட், சிரஸ் லாஜிக் ஆகியவை மடிக்கணினிகளில் வழக்கமாகக் காணப்படும் கோடெக்குகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள்.

2. ஃபர்ம்வேர். புதிய மடிக்கணினிகளில் ஒலியைக் கையாள டிஎஸ்பி எனப்படும் தனிச் சிறு ப்ராசசர் ஒன்று இருக்கிறது. கணினி தொடங்கும்போது அதற்குரிய நிரலை இயங்குதளம்தான் கோப்பிலிருந்து எடுத்து அதில் ஏற்ற வேண்டும். பழைய கணினிகளில் இந்தப் படி இல்லை.

3. கெர்னலும் டிரைவரும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி; டிரைவர் என்பது அதற்குள் ஒரு வன்பொருளை இயக்கும் நிரல். லினக்ஸ் கெர்னலின் ஒலிப்பகுதிக்கு ஆல்சா என்று பெயர். சில்லோடு நேரடியாகப் பேசுவது இதுவே.

4. ஒலிச் சேவையகம். உலாவி, பாட்டு இயக்கி, காணொளிக் கூட்டச் செயலி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் அவற்றைக் கலந்து, பயனர் தேர்ந்தெடுத்த வெளியீட்டுக்கு அனுப்பும் நிரல் இது. பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் இவ்வகை.

5. செயலி. உலாவியில் ஒரு தாவலை மட்டும் ஒலியடக்கி வைத்திருப்பதும், மைக்குக்கு அனுமதி மறுத்திருப்பதும் இந்தப் படியில் நிகழ்பவை.

## அறிவுரைகள் ஏன் முரண்படுகின்றன

இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. லினக்ஸில் முதலில் ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பு இருந்தது. யாரொஸ்லாவ் கிசெலா 1998 அளவில் தொடங்கிய ஆல்சா, 2003 டிசம்பரில் வெளிவந்த கெர்னல் 2.6 இல் அதன் இடத்தைப் பிடித்தது. லெனார்ட் பொட்டரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ 2007 இல் ஃபெடோரா 8 மூலமும் 2008 இல் உபுண்டு 8.04 மூலமும் பரவியது. தொடக்கத்தில் அது கொடுத்த தொல்லைகளால், அதை நீக்கிவிடு என்பதே அக்காலத்துப் பொதுவான வைத்தியமாக இருந்தது. பின்னர் ரெட் ஹேட் நிறுவனத்தின் விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021 இல் ஃபெடோரா 34 இலும் 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 இலும் 2024 இல் லினக்ஸ் மின்ட் 22 இலும் இயல்பான ஒலிச் சேவையகமாக ஆனது.

எனவே ஓர் அறிவுரையைப் பின்பற்றுமுன், அது எந்தக் காலத்துக்கு உரியது என்று பார்ப்பது அவசியம். பைப்வயர் ஓடும் கணினியில் பல்ஸ்ஆடியோவை மேலும் நிறுவினால், ஒரே சாதனத்துக்கு இரண்டு சேவையகங்கள் போட்டியிடும் நிலை வரலாம். நம் கணினியில் எது ஓடுகிறது என்பதை அறிய, கட்டளைகளை எழுத்தில் இடும் சாளரமான முனையத்தில் ‘பேக்டில்’ கட்டளையோடு ‘இன்ஃபோ’ என்ற சொல்லைச் சேர்த்து (pactl info) இட்டால் போதும். சேவையகத்தின் பெயர் வரும் வரியில் பல்ஸ்ஆடியோ என்பதற்கு அருகில் பைப்வயர் என்றும் இருந்தால், ஓடுவது பைப்வயர்தான். பழைய செயலிகளுக்காக அது பல்ஸ்ஆடியோ போலவே பதில் சொல்கிறது.

## எங்கே நிற்கிறது என்று அறிதல்

சோதனையைக் கீழ்ப்படியிலிருந்து, அதாவது வன்பொருள் பக்கத்திலிருந்து, தொடங்குவதே என் பரிந்துரை. ஆனால் அதற்குமுன் ஒரு நிமிடத்தில் முடியும் மூன்றை முதலில் பார்த்துவிட வேண்டும்: விசைப்பலகையின் ஒலியடக்கு விசை, ஒலி அமைப்புகளில் தேர்வாகியிருக்கும் வெளியீடு, உலாவித் தாவலின் ஒலி. டிவி அல்லது மானிட்டரை எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருக்கும்போது ஒலி அங்கே போய்க்கொண்டிருப்பது மிகச் சாதாரணமான காரணம். இவை சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையில் செல்லலாம்.

1. ‘ஏபிளே’ கட்டளையோடு ஒரு சிறுகோடும் சிறிய ‘எல்’ எழுத்தும் சேர்த்து (aplay -l) இட்டால், கெர்னல் அறிந்த ஒலி அட்டைகளின், அதாவது ஒலிச் சாதனங்களின், பட்டியல் வரும். பட்டியல் காலி என்றாலோ, எச்டிஎம்ஐ மட்டும் இருந்து கோடெக்கின் பெயர் இல்லை என்றாலோ, பழுது மேலே சொன்ன பாதையின் முதல் மூன்று படிகளுக்குள் இருக்கிறது. ஒலிச் சேவையகத்தைத் தொட வேண்டியதே இல்லை.

2. அட்டை தெரிந்தால் ‘ஆல்சாமிக்சர்’ (alsamixer) என்று இட்டு, எஃப்6 விசையால் அந்த அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் ஆகிய பட்டைகளின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அது அடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்; எம் விசையை அழுத்தினால் திறக்கும். திரையில் தெரியும் ஒலியளவு 100 விழுக்காடு காட்டும்போதும் இந்த அடிமட்டத்தில் ஒரு பட்டை மூடியிருக்கக்கூடும்.

3. ‘ஸ்பீக்கர்-டெஸ்ட்’ (speaker-test) கட்டளையில் ஒலி அட்டையின் எண்ணை நேரடியாகக் குறித்து ஓடவிட்டால், ஒலிச் சேவையகத்தைத் தவிர்த்துவிட்டுச் சோதிக்க முடியும். ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பிழை வந்தால், எல்லாச் செயலிகளையும் நிறுத்திச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். பைப்வயர் பொதுவாக 5 விநாடி ஒலி இல்லையென்றால் சாதனத்தை விட்டுவிடும். இச்சோதனையில் ஒலி வந்துவிட்டால் வன்பொருள், ஃபர்ம்வேர், டிரைவர் மூன்றும் நலம் என்று உறுதியாகிறது.

4. அதன்பின் ‘டபிள்யூபிசிடில்’ கட்டளையோடு ‘ஸ்டேட்டஸ்’ என்று சேர்த்து (wpctl status) இட்டுப் பார்க்க வேண்டும். வெளியீடுகளில் எதன் அருகே நட்சத்திரக் குறி இருக்கிறதோ அதுவே இயல்பு வெளியீடு.

ஒலி அமைப்புகளில் ‘டம்மி அவுட்புட்’ என்று வருவதைப் பலர் ஒரு தனி நோயாகக் கருதுகிறார்கள். அது நோயன்று. தனக்குக் கீழே எந்த ஒலி அட்டையும் கிடைக்கவில்லை என்று சேவையகம் தெரிவிக்கும் செய்தி மட்டுமே அது. ஆகவே அதைக் கண்டவுடன் முதல் சோதனைக்குத்தான் திரும்ப வேண்டும்.

## அட்டையே தெரியாதபோது

கணினியின் வயது இங்கேதான் முக்கியமாகிறது, அதுவும் பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. இன்டெல் 2004 இல் வெளியிட்ட எச்டி ஆடியோ என்ற தரத்தின்படி அமைந்த பழைய மடிக்கணினிகளுக்கு, லினக்ஸில் முதிர்ந்த டிரைவர் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் ஒலி பெரும்பாலும் எந்த முயற்சியும் இல்லாமல் வந்துவிடுவதும், புதிதாக வாங்கிய கணினியில் வராமல் போவதும் இதனால்தான்.

புதியவற்றில் உள்ளமைந்த மைக்குகள் கோடெக்கோடு இணையாமல், டிஜிட்டல் மைக்குகளாக டிஎஸ்பியோடு இணைந்திருக்கின்றன. இந்த டிஎஸ்பிக்காக 2018 இல் அறிவிக்கப்பட்ட திறமூல ஃபர்ம்வேர் திட்டத்தின் பெயர் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப். இதன் கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால், டிரைவர் இருந்தும் அட்டை உருவாவதில்லை. ‘டிமெசேஜ்’ (dmesg) எனப்படும் கெர்னல் பதிவில் எஸ்ஓஎஃப் கோப்பு ஒன்றின் பெயரும் அதன் அருகே ‘பிழை –2’ என்பதும் காணப்பட்டால் ஐயமே வேண்டாம்: –2 என்பதற்குக் கோப்பு கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அந்தந்த வழங்கலின் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினால் ஒலி வந்துவிடும்.

டெபியனில் இந்தத் தொகுப்பு, கட்டற்ற மென்பொருள் விதிகளுக்குள் அடங்காத ஃபர்ம்வேருக்கான தனிப் பிரிவில் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே அப்பிரிவு சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பயனரே அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய பென்டிரைவில் இருக்கும் நிறுவல் வட்டை வைத்துப் புதிய கணினியில் நிறுவுகிறவர்கள் இந்த இடத்தில் சிக்குகிறார்கள்.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் குறுக்குவழி, டிஎஸ்பியைத் தவிர்த்துப் பழைய எச்டி ஆடியோ டிரைவரையே பயன்படுத்துமாறு கெர்னலுக்குக் கட்டளையிடுவது. அதற்கான தெரிவில் 1 என்று குறிப்பார்கள். ஸ்பீக்கரில் ஒலி வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் டிஎஸ்பியோடு இணைந்த டிஜிட்டல் மைக் அதோடு காணாமல் போகும். இணையவழி நேர்முகத்தேர்வு நெருங்கும் மாணவருக்கு இது பாதிப் பழுதை இடம் மாற்றிவைப்பதே.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸிலிருந்து மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்கு வரும்போது, கோடெக் விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே இருந்து ஒலி தராமல் போகலாம். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்தி, கணினியை முழுமையாக அணைத்து, பிறகு லினக்ஸைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

## ஹெட்போனில் வரும் ஒலி ஸ்பீக்கரில் வராதபோது

இது பயனுள்ள அறிகுறி. சேவையகமும் கோடெக்கும் வேலை செய்கின்றன என்பதை இதுவே நிறுவிவிடுகிறது. மிஞ்சுவன இரண்டு.

முதலாவது, ஹெட்போன் துளை. பிளக் செருகப்பட்டதை உணர்ந்ததும் ஸ்பீக்கர் தானாக அடங்குகிறது. அந்த உணர்வு சிக்கிக்கொண்டால், ஹெட்போன் இல்லாதபோதும் இருப்பதாகவே கணினி நினைக்கும். பல்லடம், சோமனூர் போன்ற விசைத்தறிப் பகுதிகளிலும் நூற்பாலைகளிலும் காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி இத்தகைய துளைகளில் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், மென்பொருளில் தேடுவதற்கு முன் துளையைப் பார்ப்பது நல்லது. ஆல்சாமிக்சரில் ‘ஆட்டோ-மியூட்’ என்ற தெரிவை அணைத்ததும் ஸ்பீக்கர் பேசத் தொடங்கினால், பழுது துளையின் உணர்வில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபயர். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குத் தனியான, நிரலேற்றத்தக்க ஆம்ப்ளிஃபயர் சில்லுகள் உள்ளன. சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏஎஸ்2781 ஆகியவை இவ்வகை. இவற்றுக்கு டிரைவர் மட்டும் போதாது. அந்தந்த மாடலுக்கு உரிய ஃபர்ம்வேரும், சில்லு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரமும் வேண்டும். இங்கே பயனர் செய்யக்கூடியது குறைவு. புதிய கெர்னலையும் புதிய ஃபர்ம்வேர் தொகுப்பையும் போட்டுப் பார்ப்பதே சரியான வழி.

## மைக்கின் சிக்கல்கள்

மைக்கில் இரைச்சல் மிகுந்தால், ஆல்சாமிக்சரில் ‘மைக் பூஸ்ட்’ உச்சத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குரலோடு பின்னணியையும் சேர்த்தே பெருக்குகிறது; தறி ஓடும் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அதைக் குறைத்து, வாய்க்கருகே வரும் ஹெட்செட்டைப் பயன்படுத்துவதுதான் எந்த வடிகட்டியையும் விடப் பயன்தரும். ஹெட்செட்டின் நான்கு தொடுபகுதிகள் கொண்ட பிளக்கிலும் சிடிஐஏ, ஓஎம்டிபி என இரு வகை உண்டு. இவற்றில் மைக்கும் தரையிணைப்பும் இடம் மாறியிருக்கும். பழைய ஓஎம்டிபி ஹெட்செட் இன்றைய மடிக்கணினியில் சரிவர வேலை செய்யாது.

இதைவிடக் குழப்பமான ஒன்றும் உண்டு. சில பழைய மாடல்களில் உள்ளமைந்த மைக்கின் இடது, வலது தடங்கள் ஒன்றுக்கொன்று தலைகீழான அலைகளைத் தருகின்றன. பதிவு செய்து கேட்டால் குரல் தெளிவாக இருக்கும். ஆனால் காணொளிக் கூட்டச் செயலி இரண்டு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கும்போது, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு சேர்ந்து கழிந்துபோய், எதிர்முனையில் எதுவுமே கேட்காது. ‘மைக் நன்றாக இருக்கிறது, கூட்டத்தில் மட்டும் வேலை செய்யவில்லை’ என்று சொல்லப்படும் பழுதுகளில் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ‘பாவுகன்ட்ரோல்’ (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில் இரண்டு தடங்களின் பிணைப்பை விடுவித்து, ஒன்றைச் சுழியமாக்கினால் குரல் வந்துவிடும்.

## புளூடூத்

பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருந்த புளூடூத் ஹெட்செட், கூட்டத்தில் இணைந்தவுடன் பழைய தொலைபேசி போல ஒலிப்பது லினக்ஸின் குறை அன்று. உயர்தர ஒலிக்கான ஏ2டிபி முறை ஒருவழிப் பாதை. மைக்கும் தேவை என்றால் எச்எஃப்பி முறைக்கு மாற வேண்டும். அதில் சிவிஎஸ்டி என்ற குறியாக்கம் விநாடிக்கு 8,000 மாதிரிகளையும் (ஒலியலையை அளந்த எண்களையும்) எம்எஸ்பிசி 16,000 மாதிரிகளையும் மட்டுமே அனுப்புகிறது; இசைக்கு வழக்கமானது 44,100 அல்லது 48,000. கேட்பதற்குப் புளூடூத்தையும் பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையும் தேர்ந்தெடுத்தால், ஏ2டிபி அப்படியே தொடரும்.

## வெட்டொலியும் உறுமலும்

ஒலி விட்டுவிட்டு வெடிப்பதற்குக் காரணம், அடுத்த துண்டு ஒலி குறித்த நேரத்துக்குள் தயாராகாமை. பைப்வயர் இயல்பாக 1,024 மாதிரிகளை ஒரு துண்டாகக் கொள்கிறது. 48,000 மாதிரி வேகத்தில் அது சுமார் 21 மில்லி விநாடி. பழைய ப்ராசசர் இந்தக் கெடுவைத் தவறவிட்டால் 2,048 ஆக உயர்த்தலாம். தாமதம் இரட்டிப்பாகும், ஆனால் பாட்டுக்கோ பாடத்துக்கோ அது உறுத்தாது. ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் ‘டப்’ என்று கேட்டாலோ முதல் எழுத்து விழுங்கப்பட்டாலோ, காரணம் வேறு: மின்சேமிப்புக்காகக் கோடெக் உறங்கி எழுகிறது. எச்டி ஆடியோ டிரைவரின் மின்சேமிப்புத் தெரிவைச் சுழியமாக்கினால் இது நிற்கும்.

உறுமல் மென்பொருளைச் சேர்ந்ததே அன்று. வள்ளி கும்மிப் பயிற்சிக்கோ கோயில் விழாவுக்கோ மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சருக்கு ஒயர் போட்டதும் ‘ம்ம்’ என்ற தொடர் உறுமல் எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உறுமல் நின்றால், அது மின்னிணைப்பின் எர்த் வழியாக நுழைகிறது. தரைச்சுற்றைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்றை ஒயரின் இடையில் இடுவது பாதுகாப்பான தீர்வு. சார்ஜரின் எர்த் முனையை நீக்குவது உயிருக்கு ஆபத்தானது. அதை எவர் சொன்னாலும் செய்யக் கூடாது.

## பிஎஸ்டி பயனர்களுக்கு

பிஎஸ்டி என்பவை யூனிக்ஸ் வழி வந்த, லினக்ஸ் அல்லாத இயங்குதளங்கள். அவற்றில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டியில் ஆல்சா இல்லை. ஓஎஸ்எஸ் வழி வந்த அமைப்பே இருக்கிறது. ஒலி தவறான சாதனத்துக்குப் போனால், இயல்பு ஒலிச் சாதனத்தின் எண்ணை ‘சிஸ்சிடில்’ (sysctl) கட்டளை மூலம் மாற்ற வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி ‘எஸ்என்டிஐஓ’ என்ற தன் சொந்த அமைப்பைப் பயன்படுத்துகிறது. அதில் தனியுரிமை கருதி மைக் பதிவு இயல்பாகவே மூடப்பட்டிருப்பதால், கெர்னல் தெரிவில் அதை 1 ஆக்கும் வரை வெறும் நிசப்தமே பதிவாகும்.

## உதவி கேட்குமுன்

ஒலிச் சேவையகம் பயனரின் பெயரில் ஓடுவது; நிர்வாகியின் பெயரில் அன்று. ஆகவே ஒலிக் கட்டளைகளை நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ (sudo) போட்டு இயக்குவது வேறொரு பயனரின் கணக்கில் தேடுவதாகவே முடியும். சில நேரம் அமைப்புக் கோப்புகளின் உரிமை நிர்வாகிக்கு மாறி, புதிய பழுதும் உண்டாகும். பயனரை ‘ஆடியோ’ குழுவில் சேர்க்கும் பழைய வழக்கமும் இன்றைய வழங்கல்களில் பொதுவாகத் தேவையில்லை. திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அனுமதி தானாகவே கிடைக்கிறது.

வன்பொருளே பழுதா என்ற ஐயத்தைத் தீர்க்க, புதிய வழங்கல் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். அதில் ஒலி வந்தால் ஸ்பீக்கரை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அப்போதும் தீராவிட்டால், ‘ஆல்சா-இன்ஃபோ’ (alsa-info) என்ற நிரல் அட்டை, கோடெக், கெர்னல், மிக்சர் நிலை அனைத்தையும் ஒரே கோப்பில் திரட்டித் தரும். உதவி கேட்கும்போது இதை இணைத்தால் பதில் சொல்பவர் ஊகிக்க வேண்டியிராது. கெர்னல் புதுப்பித்த பிறகுதான் ஒலி போயிற்று என்றால், தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துச் சோதித்து, ஒலி வந்த பதிப்பின் எண், வராத பதிப்பின் எண் இரண்டையும் குறிப்பிட வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் நிகழ்ந்த மாற்றங்களுக்குள் தேடினால் போதும் என்பதால், டிரைவரை எழுதுகிறவர்களுக்கு இதைவிட உதவும் தகவல் குறைவு.